அரைத்த நாளும் திறந்த நாளும்

(மகாவீரர் ஜெயந்தி விழா மகளிர் அரங்கில் நிகழ்த்திய உரை, மலருக்காக எழுதித் தரப்பட்டது)



எனக்கு முன் பேசிய பெரியவர் மும்மணிகளை விளக்கினார். எனக்குத் தரப்பட்ட பொருளோ முகத்தில் பூசும் கிரீம். தலைப்பை அறிவித்தபோது சிலர் சிரித்தீர்கள், அது நியாயமே. ஆயினும் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்றில் மூன்றாவது மணி, நாம் அன்றாடம் எடுப்பதிலும் வைப்பதிலும் உண்பதிலும் பூசுவதிலும் புழங்குவது. அந்தத் துணிவில் பேசுகிறேன்.

நம்மில் பலர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து பனியன் தொழிலை நம்பி இங்கு வந்தவர்கள். கொங்கு மண் நம் சமயத்துக்குப் புதிதன்று. விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலும், நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் என்று சொல்லப்படும் சீனாபுரமும் பெருந்துறைப் பக்கத்தில்தான் உள்ளன. தொழில்தான் நமக்குப் புதிது. அந்தத் தொழிலில் என் பங்கு, ஏற்றுமதிக்குச் செல்லும் துணிகளை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது. ஆகவே துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு குழந்தைச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற அளவுகோல், மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் துணியைத் தனி வகுப்பாக வைத்திருக்கிறது. பெரியவர்கள் தோலில் படும்படி உடுத்தும் துணியில் பார்மால்டிஹைடு ஒரு கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். குழந்தைத் துணியிலோ சோதனையில் அது தென்படவே கூடாது. அதாவது 16 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். துணியின் பி.எச். அளவு 4.0 முதல் 7.5 வரைக்குள் நிற்க வேண்டும். புற்றுநோய் தரக்கூடிய அசோ சாயங்களை 1994-இல் ஜெர்மனி தடை செய்தபோது இந்த ஊர் எவ்வளவு பதறியது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தோலின் மேல் படும் துணிக்கு இத்தனை காவல். அதே கைகள் மாலையில் வீட்டுக்குப் போய், எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாத ஒரு குப்பியைத் திறந்து, குழந்தையின் கன்னத்தில் பூசுகின்றன. துணிக்கு அடியில், தோலிலேயே தங்குகிற பொருளுக்கு நம் வீட்டில் ஆய்வாளர் எவரும் இல்லை.

குப்பியில் தேதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எதன் தேதி என்று கேட்க வேண்டும். நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலும் தயாரித்த மாதம் ஓரிடத்திலும், ‘தயாரித்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் பயன்படுத்துக’ என்பது போன்ற வாசகம் வேறோரிடத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். கூட்டிப் பார்ப்பது நம் பொறுப்பு. அந்தக் கணக்கும் மூடி முத்திரை கலையாத குப்பிக்கு உரியது. திறந்தபின் வேறு கணக்கு தொடங்குகிறது. ஐரோப்பியச் சட்டம் 30 மாதங்களுக்கு மேல் கெடாத பொருள்களுக்கு இந்த இரண்டாம் கணக்கையும் அச்சிடச் சொல்கிறது. மூடி திறந்த ஒரு சிறு டப்பாவின் படம், அதற்குள் ‘6 எம்’, ‘12 எம்’, ‘24 எம்’ என்ற எழுத்து. திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்கள் என்பது அதன் பொருள். இங்கு விற்கும் பல பொருள்களிலும் இந்தப் படம் உண்டு. நாம்தான் அதை அழகுக்குப் போட்ட படம் என்று விட்டுவிடுகிறோம்.

இந்த இரண்டாம் கணக்கைச் சாவகர் வீட்டுப் பெண்களுக்கு வெளியார் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முனிவர்களுக்கு ஆகாரதானம் செய்யும் வீடுகளில் மாவுக்குக் கால மரியாதை பார்ப்பார்கள். இங்கே மரியாதை என்பது வணக்கமன்று, எல்லை. அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள். நீருக்கும் அப்படியே. வடிகட்டிய நீருக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். கிராம்பு போன்றவை இட்டுத் தன்மை மாற்றிய நீருக்கு 6 மணி நேரம். நன்றாகக் கொதித்த நீருக்கு 24 மணி நேரம். (வடிகட்டுவதற்குப் பனியன் துணி உதவாது என்பதை இந்த ஊரில் சொல்லியாக வேண்டும். பின்னல் துணியின் கண்ணி இழுத்தால் விரியும். நெசவுத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டுவதே முறை.)

இந்த விதிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு கோதுமை விளைந்த நாளிலிருந்து தொடங்கவில்லை, அரைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. முழுத் தானியம் மூடிய குப்பி. மாவு திறந்த குப்பி. அடுத்து, பருவத்துக்கேற்ப எல்லை சுருங்குகிறது. ஈரமும் வெப்பமும் கூடினால் நாள் குறைகிறது. மேலும், உலர்ந்த மாவுக்கு நாட்கணக்கு, நீருக்கு நாழிகைக் கணக்கு. ஒரு பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதிலுள்ள நீர். அழகுப் பொருள்களைத் தயாரிக்கும் வேதியியலாளர் ஒருவரைக் கேட்டாலும் இதே மூன்றைத்தான் சொல்வார்.

நீர் கலவாத பொருள்களில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. வெள்ளை வாசலின், தேங்காய் எண்ணெய், உலர்ந்த பொடி ஆகியவை இந்த வகை. எண்ணெய்க்குள்ள கேடு வேறு. அது காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் அதைத் தாங்கும். பாதாம், சூரியகாந்தி எண்ணெய்கள் அவ்வளவு தாங்கா. நீர் கலந்த கிரீம், லோஷன், ஷாம்பு, ஜெல் எல்லாம் கிருமிக்கு விளைநிலம். அதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர் பதனப்பொருளை அளந்து சேர்க்கிறார். அந்த அளவு, குப்பியில் உள்ள நீருக்கு மட்டுமே போதுமானது. ஷாம்பு தீரும் நிலையில் புட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு வாரம் ஓட்டுகிறோமே, அப்போது பதனப்பொருளையும் நீர்க்கச் செய்துவிடுகிறோம். சிக்கனம் நல்லது, அன்றே தலைக்கு ஊற்றித் தீர்த்துவிடுவதானால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரக் கையால் கிரீமை அள்ளுவதும், குளியலறை ஈரத்திலேயே குப்பியைத் திறந்து வைப்பதும் இதே தவறுதான்.

கடையில் வாங்குவதில் இரசாயனம், வீட்டில் அரைப்பது தூய்மையானது என்று சிலர் கருதுகிறார்கள். அரைத்த அன்று அது உண்மை. கற்றாழைச் சோற்றை எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் அடைத்துப் பத்து நாள் பூசுவதும், பயத்தம் மாவில் பன்னீர் ஊற்றிக் குழைத்து மறுநாளுக்கு மூடி வைப்பதும் எந்தப் பதனமும் இல்லாத ஈரப் பொருளைத் தோலில் தேய்ப்பதாகும். கடைக் கிரீமைவிட இதற்கே எல்லை குறுகியது. குழைத்ததை அன்றே முடித்துவிட வேண்டும். குளியல் பொடியை உலர்ந்த நிலையில், சிறு அளவாக அரைத்துக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிருமி இருந்தால் என்ன, தோலின் மேல்தானே என்ற எண்ணமும் உண்டு. கண் அருகே அது எடுபடாது. 1977-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழொன்றில் வில்சன், அஹெர்ன் என்ற இருவர், கிருமி சேர்ந்த இமை மையால் கருவிழியில் புண் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினர். மை தூரிகை கண்ணில் லேசாகக் கீறினால் போதும், சூடோமோனாஸ் என்னும் அந்தக் கிருமி உள்ளே நுழைந்துவிடும். பார்வையைப் பறிக்க வல்லது அது. பிரிட்டனில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார் மக்கள் பயன்படுத்திய 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். அவற்றில் வகைக்கேற்ப 79 முதல் 90 விழுக்காடு வரை பாக்டீரியா இருந்தது. பூசும் பஞ்சுகளில் பெரும்பாலானவை ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. எனவே கண் மை, இமை மை இவற்றுக்கு மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் மையைத் தங்கை இடுவதும், கல்யாண வீட்டில் ஒரே குச்சி பத்துக் கண்களைச் சுற்றி வருவதும் வேண்டாம். கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டுவதை எந்தக் கண் மருத்துவரும் ஒப்பமாட்டார். கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தால் கண்ணேறு கழியாதா என்ன?

இனி நம் ஊரின் வெயில். கால மரியாதையில் குளிர்காலத்துக்கு 7 நாள் உண்டு. திருப்பூரில் குளிர்காலம் நாட்காட்டியில்தான் இருக்கிறது. தகரக் கூரையோ சிமெண்ட் அட்டையோ போட்ட லைன் வீட்டில் சித்திரை, வைகாசி மதியம் எப்படியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. குப்பியில் அச்சிட்ட காலம் குளிர்ந்த, உலர்ந்த இடத்தை நினைத்து எழுதப்பட்டது. கூரைக்கு நெருக்கமான பரணிலும், சன்னலோரத்திலும், இருசக்கர வாகனத்தின் இருக்கைப் பெட்டியிலும் இருக்கும் குப்பிக்கு அது பொருந்தாது. கிரீமில் எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்பது, நிறம் மாறுவது, வாடை வருவது ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் தேதியைப் பார்க்காமல் விலக்குங்கள். விட்டமின் சி நீர்மம் பழுப்பானால் அதன் பயன் முடிந்தது. சன்ஸ்கிரீன் காலாவதியானால் ஆபத்து அதைப் பூசுவதில் இல்லை, பூசியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் வெயிலில் நிற்பதில் இருக்கிறது. வாங்கும்போதும் கடையின் முகப்பில் வெயில் படத் தொங்கும் சரத்திலிருந்து வாங்காதீர்கள்.

சாயப் பட்டறையிலும் பிளீச்சிங்கிலும் வேலை செய்வோர் நம் உறவுகளிலும் உண்டு. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கையின் இயற்கையான நெய்ப்பை உரித்துவிடும். வீடு திரும்பினால் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, நுரைக்காததால் மேலும் தேய்ப்போம். வெடித்த கையில் நறுமணமூட்டிய விலையுயர்ந்த கிரீம் எரிச்சலைத்தான் கூட்டும். வேலையின்போது கையுறை, வேலை முடிந்ததும் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரம் முழுதும் உலருமுன் வெள்ளை வாசலின். அது கனிம எண்ணெய்ப் பொருள், உயிர்க் கொழுப்பு அன்று; நீர் இல்லாததால் நெடுநாள் கெடாது; விலையும் குறைவு. இவ்வளவு எளிய பொருளை விளம்பரம் செய்ய ஆளில்லாததால்தான் நாம் மறந்துபோனோம் என்று தோன்றுகிறது.

விடுதிகளில் தங்கியுள்ள பெண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். வியர்வையில் வரும் படர்தாமரைக்குத் தோழி வைத்திருந்த களிம்பு என்று வாங்கிப் பூசுகிறீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும்; பூஞ்சை அடங்காது, பரவும். முகம் வெளுக்கவும் இதே களிம்பைச் சிலர் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, சிவந்து, வெயில் தாங்காமல் போய்விடும். ஸ்டீராய்டு கலந்த பல தோல் களிம்புகளை 2018-இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் தந்த களிம்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். டியூபின் காலாவதித் தேதி அதன் மடித்த அடிப்பகுதியில் குத்தப்பட்டிருக்கும். நாம் அந்த முனையிலிருந்துதான் சுருட்டுகிறோம். பாதி தீருமுன் தேதி சுருளுக்குள் மறைந்துவிடும். வாங்கிய அன்றே அதைப் பார்த்து மேற்பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் நஞ்சாகும் பொருள்களும் உண்டு. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய்க்கு முன் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடை கடையாகச் சோதனையிட்டது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட (கண் பகுதிக்கானவை தவிர) பத்து லட்சத்தில் ஒரு பங்கை மீறக்கூடாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண் இல்லாத குப்பி, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கைமாறி விற்கும் டப்பா, ஏழே நாளில் நிறம் மாறும் என்ற வாக்கு: இவற்றில் ஒன்றிருந்தாலும் தொடாதீர்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் நிறத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சுத்தான் இந்தக் கிரீமை விற்றுக் கொடுக்கிறது. இதை அரங்கின் முன்வரிசையைப் பார்த்தே சொல்கிறேன்.

பெயர்ச்சீட்டைப் படிக்கும்போது நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. பீஸ்வேக்ஸ் அல்லது செரா ஆல்பா என்றிருந்தால் தேன்மெழுகு. லனோலின் ஆட்டு ரோமத்தின் நெய். கார்மைன் அல்லது சி.ஐ. 75470 என்பது பூச்சியை நசுக்கி எடுத்த சிவப்பு. கொலாஜன் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. உணவுப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியை இங்கே நம்பியிருக்க முடியாது, எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அழகுப் பொருள்களை விலங்குகளின் மேல் சோதிப்பதை நம் நாடு 2014-இல் தடை செய்தது என்பது ஆறுதல்.

அடுத்துச் சொல்வதைப் பக்தியோடு சொல்கிறேன், அதே மனத்தோடு கேளுங்கள். அபிஷேகம் முடிந்த கந்தோதகத்தை நெற்றியில் இடுகிறோம். சிலர் அதைப் புட்டியில் எடுத்துப்போய் மாதக்கணக்கில் வைத்து, குழந்தையின் கண்ணில் விடுகிறார்கள், ஆறாத புண்ணில் தடவுகிறார்கள். அது நீர், பால், சந்தனம், இளநீர் கலந்த நீர். வடிகட்டிய நீருக்கே இரண்டு நாழிகை என்று எல்லை வைத்த சமயம் நம்முடையது. அன்று பெற்றதை அன்றே நெற்றியிலும் தலையிலும் இட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியதைக் கால் படாத செடியின் அடியில் சேருங்கள். கண்ணிலும் புண்ணிலும் இட வேண்டாம். அதன் புனிதத்தை நான் குறைக்கவில்லை. அந்த நீரில் தோன்றும் உயிர்களையும் நம் குழந்தையின் கண்ணையும் ஒருசேரக் காக்கும் வழி இதுவே.

புதிய பொருள் எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் சிறிதளவு பூசிப் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியின் அடியில் எழுதி ஒட்டுங்கள். அளவு ஸ்டிக்கரும் மார்க்கர் பேனாவும் இல்லாத வீடு திருப்பூரில் உண்டா? வாங்குவதைச் சிறு குப்பியாக வாங்குங்கள். ஒன்று தீராமல் மற்றொன்றைத் திறக்காதீர்கள். போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதத்தை ஏற்றவர்கள் இத்தனை சேலை, இத்தனை நகை என்று எண்ணிக்கை வைக்கிறார்கள். கண்ணாடி அலமாரியையும் அந்த எண்ணிக்கைக்குள் கொண்டுவரலாம்.

உரை முடிந்தபின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளையும் மலர்க்குழுவினர் சேர்க்கச் சொன்னார்கள்.

பதனப்பொருள் கிருமிகளைக் கொல்கிறதே, அது இம்சையாகாதா என்று ஒரு மூதாட்டி கேட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் ஆகமம் கற்றவர்கள். நான் ஓர் ஒப்புமை மட்டும் சொன்னேன். நீரை ஏன் காய்ச்சிக் குடிக்கிறோம்? காய்ச்சாத நீரில் நாள் முழுதும் உயிர்கள் தோன்றித் தோன்றி மடிகின்றன. காய்ச்சிய நீரில் அந்த எல்லை வரை அது நிற்கிறது என்று நம் பெரியோர் சொன்னார்கள். பதனப்பொருளும் தோன்றுவதற்கு இடம் கொடாமல் வைப்பது. அதன் எல்லை கடந்த குப்பியில் தோன்றுவதும் மடிவதும் ஓயாது. அவர்களுக்கு முழு நிறைவு இல்லை என்று முகத்தில் தெரிந்தது. சுவாமிகளிடம் கேட்கிறேன் என்றார்கள், கேட்பதே சரி.

காலாவதியானதை எங்கே கொட்டுவது என்பது ஓர் இளைஞரின் கேள்வி. சாக்கடையில் வேண்டாம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வரை நொய்யல் பட்டது போதும். கிரீமைப் பழைய தாளில் வழித்து மடித்து மட்காத குப்பையில் சேர்க்கலாம். எறும்பு மொய்க்கும்படி மண்ணில் கொட்டக் கூடாது. காலி டப்பாவைத் துடைத்துத் தனியே கொடுக்கலாம். களிம்பு டியூபையும் புட்டியின் பெயர்ச்சீட்டையும் கிழித்துவிட்டுப் போடுங்கள். யாரும் எடுத்து மறுபடி நிரப்பி விற்க முடியாதபடி.